விவாகரத்துப் பேச்சில் ஒரே வீட்டுக்கு இரண்டு மதிப்பீடு வந்தால்

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேரள எல்லையோரம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் 8 சென்ட்டில் ஒரு வீடு. ஆதாரம், அதாவது கிரயப் பத்திரம், உங்கள் இருவர் பெயரிலும் இருக்கிறது. பரஸ்பர சம்மதத்தில் பிரிவதாகப் பேச்சு. வீட்டைத் தானே வைத்துக்கொண்டு உங்கள் பாதிக்குப் பணம் தருவதாக உங்கள் கணவர் சொல்கிறார். அவர் கோயம்புத்தூரிலிருந்து கூட்டிவந்த மதிப்பீட்டாளர் 38.66 லட்சம் என்கிறார். நீங்கள் பாலக்காட்டில் பிடித்தவர் 56.26 லட்சம் என்கிறார். பேங்க் கடன் 11 லட்சம் பாக்கி. நிலம் வாங்கும்போது உங்கள் நகை போயிருக்கிறது. ஒரு வருடத்துக்கு மேலாக நீங்கள் வேலந்தாவளத்தில் அம்மா வீட்டில் இருக்கிறீர்கள், அவர் அந்த வீட்டில் இருக்கிறார். எந்த அறிக்கை சரி, கோர்ட் எதை ஒத்துக்கொள்ளும், மூன்றாவதாக ஒருவரை வைக்க வேண்டுமா என்பது கேள்வி. வீட்டின் விலை என்ன என்பதைவிட, பேச்சுக்கு உட்கார்ந்தால் ஏமாறாமல் எழுந்திருப்பது எப்படி என்பதுதான் உங்கள் கவலை என்று எனக்குப் படுகிறது. அதற்கே பதில் சொல்கிறேன்.

நான் சிவில் எஞ்சினியர். பொள்ளாச்சியில் இருந்துகொண்டு எல்லைக்கு இரண்டு பக்கமும் நிலம், கட்டடம் மதிப்பீடு செய்கிறேன். இப்படிப்பட்ட குடும்ப விவகாரங்களில் அறிக்கை எழுதியிருக்கிறேன், கூண்டில் நின்று பதிலும் சொல்லியிருக்கிறேன். வக்கீல் இல்லை. ஆகவே மதிப்பு பற்றிச் சொல்வதை என் தொழிலிலிருந்து சொல்கிறேன். சட்டம் பற்றிச் சொல்வதை உங்கள் வக்கீலிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டை நான் பார்த்ததில்லை என்பதையும் மனதில் வையுங்கள். நீங்கள் எழுதியிருக்கும் கணக்கை வைத்துத்தான் பேசுகிறேன்.

சந்தேகமே இல்லாத ஒன்றை முதலில் சொல்கிறேன். பரஸ்பர சம்மத விவாகரத்தில் கோர்ட் உங்கள் வீட்டை மதிப்பிடப் போவதில்லை. 1955 இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவில் மனுப்போட்டால், நீதிபதி பார்ப்பது நீங்கள் இருவரும் ஒரு வருடமாவது பிரிந்து வாழ்கிறீர்களா, சம்மதம் மனப்பூர்வமானதா என்பதைத்தான். வீட்டுக்கு என்ன தொகை என்று நீங்கள் ஒத்துக்கொண்டு எழுதினீர்களோ அதைப் பதிவு செய்துகொள்வார். 38 சரியா 56 சரியா என்று அங்கே யாரும் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். பேச்சு முறிந்து, பாகம் கேட்டு வழக்குப் போட்டால்தான் அந்தக் கேள்வி நீதிபதி முன்னால் வரும். அதனால் இந்த இரண்டு அறிக்கைகளும் இப்போதைக்குக் கோர்ட்டுக்கான சாட்சியம் ஆகாது. உங்கள் இருவருக்கும் நடுவில் மேஜைமேல் கிடக்கும் இரண்டு வாதங்கள், அவ்வளவுதான். வாதம் என்றால் அதைப் பிரித்துப் பார்க்கலாம்.

பிரிப்போம். மொத்த வித்தியாசம் 17.60 லட்சம். நீங்கள் அனுப்பிய விவரப்படி நிலத்துக்கு அவர் தரப்பு சென்ட்டுக்கு 2.25 லட்சம் போட்டு 18 லட்சம் என்கிறது. உங்கள் தரப்பு 3.25 லட்சம் போட்டு 26 லட்சம் என்கிறது. இங்கேயே 8 லட்சம் போய்விட்டது. கட்டடம் 1,400 சதுர அடி, வயது 12 என்பதில் இருவருக்கும் பேதமில்லை. அவர் தரப்பு இன்றைக்குப் புதிதாகக் கட்டினால் சதுர அடிக்கு 1,700 ரூபாய், ஆயுள் 50 வருடம் என்று வைத்து, தேய்மானம் போக 18.66 லட்சம் போட்டிருக்கிறது. உங்கள் தரப்பு 2,200 ரூபாய், ஆயுள் 60 வருடம் என்று வைத்து 25.26 லட்சம் போட்டிருக்கிறது. இதில் 6.60 லட்சம். மிச்சமிருப்பது காம்பவுண்டு சுவர், போர்வெல், கார் ஷெட், மரவேலை வகையறா: அங்கே 2 லட்சம், இங்கே 5 லட்சம். ஆக 8, 6.60, 3. உங்கள் சண்டை மூன்று சின்னச் சண்டையாகிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மருந்து உண்டு.

கட்டடக் கணக்கு எப்படிப் போடுகிறோம் என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். இதே கட்டடத்தை இன்றைய கூலிக்கும் சாமானுக்கும் கட்ட என்ன ஆகும் என்று முதலில் பார்ப்போம். இடித்தாலும் தேறும் மதிப்பு என்று 10 சதவீதத்தை ஒதுக்கிவிட்டு, பாக்கி 90 சதவீதத்தை ஆயுளால் வகுத்து, வயதால் பெருக்கிக் கழிப்போம். ஆயுள் 60, வயது 12 என்றால் தேய்மானம் 18 சதவீதம். ஆயுள் 50 என்றால் 21.6 சதவீதம். வேறு முறைகளும் இருக்கின்றன, ஆனால் வீடுகளுக்கு இதுதான் அதிகம் புழக்கத்தில் இருப்பது. இப்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். உங்கள் ஆள் போட்ட 2,200 ரூபாயை அப்படியே வைத்துக்கொண்டு ஆயுளை மட்டும் 50 ஆக்கினால், 25.26 என்பது 24.15 ஆகும். குறைவது ஒரு லட்சத்துச் சொச்சம். 50 வருடமா 60 வருடமா என்று இரண்டு வக்கீல்கள் ஒரு மணி நேரம் மல்லுக்கட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். அது வீண். சதுர அடி விலைதான் தொகையைத் தூக்குவதும் இறக்குவதும். அதற்குப் பொதுப்பணித்துறையின் கட்டட விலைப் பட்டியல் இருக்கிறது. கொழிஞ்சாம்பாறையிலோ சித்தூரிலோ வீடு கட்டிக்கொண்டிருக்கும் இரண்டு காண்ட்ராக்டர்களிடம், இந்தத் தரத்தில் கட்ட என்ன கேட்பீர்கள் என்று எழுதி வாங்கினால் இடைவெளி தானாகச் சுருங்கும்.

இந்த இடத்தில் உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் ஆள் வீட்டுக்குள் போகவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கணவர் திறந்துவிடவில்லை, உங்கள் ஆள் தெருவிலிருந்து பார்த்துவிட்டு, நீங்கள் கொடுத்த பழைய பிளானை வைத்து எழுதிக்கொடுத்தார். அப்படியென்றால் அந்த 56 லட்சம், மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும், குறுக்கு விசாரணையில் பத்து நிமிடம்கூடத் தாங்காது. தரை என்ன, மேல்தளத்தில் ஒழுக்கு இருக்கிறதா, மரவேலை தேக்கா வேங்கையா, எதையும் அவர் பார்க்கவில்லை. உள்ளே போகாமல் மரவேலைக்கு எப்படித் தொகை போட்டார் என்ற ஒரு கேள்வி போதும், அறிக்கை முழுக்கச் சாய்ந்துவிடும். கோயம்புத்தூர்க்காரர் உள்ளே போய் அளந்திருக்கிறார், போட்டோ இருக்கிறது, பார்வையிட்ட தேதி இருக்கிறது. கட்டடத்தைப் பொறுத்தவரை அவருடைய அறிக்கைக்குத்தான் கால் இருக்கிறது. தொகை நமக்குச் சாதகமாக இருக்கிறது என்பதற்காக அறிக்கையை நம்பிவிடக் கூடாது.

நிலத்தில் கதை தலைகீழ். அவர் எதை வைத்து 2.25 லட்சம் போட்டார் என்று அறிக்கையில் தேடிப் பாருங்கள். பக்கத்தில் பதிவான ஆதாரங்களின் விலையைத்தான் எடுத்திருக்கிறார். ஆதாரத்தில் எழுதும் தொகைக்கும் கைமாறும் தொகைக்கும் இருக்கும் உறவு நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததே. முத்திரைத்தீர்வையை மிச்சம்பிடிக்க அரசு நிர்ணயித்த நியாய விலையை ஒட்டியே பலரும் எழுதுகிறார்கள். அதனால் ஆதார விலை பெரும்பாலும் சந்தை விலைக்குக் கீழே நிற்கும். உங்கள் ஆளோ மூன்று புரோக்கர்களிடம் விசாரித்து 3.25 போட்டிருக்கிறார். புரோக்கர் சொல்வது கேட்கும் விலை. அது படியும் விலைக்கு மேலே நிற்கும். உண்மை இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. எங்கே என்பதை இங்கே உட்கார்ந்துகொண்டு நான் சொன்னால் அது ஜோசியம். கடந்த ஒரு வருடத்தில் அதே வார்டில், அதே மாதிரி பாதை அகலத்தில் விற்ற இரண்டு மூன்று மனைகளின் வாங்கியவர், விற்றவர் இருவரிடமும் பேசித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நல்ல மதிப்பீட்டாளர் அந்த வேலைக்குத்தான் கூலி வாங்குகிறார். டேப் பிடித்து அளப்பது யாராலும் முடியும்.

நியாய விலை பற்றி ஒரு எச்சரிக்கை. கேரள அரசு 2010ல் கொண்டுவந்த இந்த நில நியாய விலை, பத்திரப்பதிவுக்கான குறைந்தபட்ச அளவுகோல். கட்டடம் அதில் சேராது. அவ்வப்போது மொத்தமாகச் சதவீதம் ஏற்றுவார்கள் (2023 ஏப்ரலில் 20 சதவீதம் ஏறியது). ஒவ்வொரு மனையையும் போய்ப் பார்த்து ஏற்றுவதில்லை. அதைவிட முக்கியம், அது ஆர் கணக்கில் இருக்கும். ஒரு ஆர் என்பது கிட்டத்தட்ட 2.47 சென்ட். ஆருக்கு 5 லட்சம் என்று இருந்தால் சென்ட்டுக்கு இரண்டு லட்சத்துச் சொச்சம்தான். தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் இதைச் சென்ட் விலை என்று வாசித்துவிட்டு, அரசாங்கமே 5 லட்சம் சொல்கிறது என்று சண்டைக்கு வருவது உண்டு. உங்கள் அண்ணன் சொன்னதாக நீங்கள் எழுதியிருக்கும் தொகையும் அப்படி வந்ததுதானோ என்று எனக்குச் சந்தேகம். பட்டியலை மறுபடி பாருங்கள்.

எல்லைப் பகுதியில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. கோபாலபுரம், மீனாட்சிபுரம், வேலந்தாவளம் என்று எங்கே செக்போஸ்ட்டைத் தாண்டினாலும் ஒரு கிலோமீட்டருக்குள் விலை மாறும். தென்னந்தோப்பு ஒன்றுபோல இருக்கும், பேச்சு ஒன்றுபோல இருக்கும், நிலத்தின் சட்டம் வேறு. பொள்ளாச்சிப் பக்கம் விற்ற மனையைக் காட்டிக் கொழிஞ்சாம்பாறை மனைக்கு விலை சொல்ல முடியாது, அந்தப் பக்கத்து விலையைக் காட்டி இந்தப் பக்கத்தை மட்டம் தட்டவும் முடியாது. கோயம்புத்தூர்க்காரருக்குப் பாலக்காடு மாவட்டத்தில் மதிப்பிட உரிமை இல்லை என்று நீங்கள் எழுதியிருப்பது சரியில்லை. பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் மாநிலம் தாண்டி வேலை செய்யலாம். இங்கத்து நிலத்தை அவர் அறிவாரா என்று கேளுங்கள், அது நியாயமான கேள்வி.

அறிவாரா என்று சோதிக்க எளிதான வழி, உங்கள் மனை வில்லேஜ் ஆபீஸ் அடிப்படைப் பதிவேட்டில் என்னவென்று இருக்கிறது என்று அறிக்கையில் எழுதியிருக்கிறாரா என்று பார்ப்பதுதான். கர ரசீதில் (நில வரி ரசீதில்) ‘புரையிடம்’, அதாவது வயல் அல்லாத மனை, என்றிருந்தால் நிம்மதி. ‘நிலம்’ என்றிருந்தால் அது நெல்வயல் கணக்கு. 2008ல் வந்த நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டத்துக்குப்பின் இது விலையை ஆட்டும் விஷயம். பஞ்சாயத்து அனுமதியோடு வீடு நிற்கிறது, கட்டட வரி கட்டுகிறீர்கள், ஆனால் ரெக்கார்டில் இன்னும் வயலாக இருக்கிறது என்பது சித்தூர் தாலுகாவில் அபூர்வம் ஒன்றுமில்லை. நெல்வயல்களை அரசு குறித்துவைத்திருக்கும் டேட்டா பேங்க் பட்டியலில் அந்த சர்வே நம்பர் இருந்தால் பேங்க் தயங்கும், வாங்குகிறவர் விலையைக் குறைப்பார். பட்டியலில் இல்லாமல் ரெக்கார்டில் மட்டும் வயலாக இருந்தால் 2018 திருத்தத்தின்படி மாற்றிக்கொள்ள வழி உண்டு, அதற்கான அலைச்சலும் செலவும் மதிப்பில் கழிய வேண்டும். நீங்கள் அனுப்பிய விவரத்தில் இரண்டு அறிக்கையிலும் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எனக்கு அதுதான் இரண்டிலும் பெரிய குறையாகத் தெரிகிறது. மேல்தளத்தில் அனுமதியில்லாமல் கட்டிய அறை இருந்தால் அதையும் இதே கணக்கில் சேருங்கள்.

தண்ணீரைப் பற்றி இங்கத்து ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பாலக்காட்டுக் கணவாயின் மழைமறைவில் இருக்கும் பகுதி. கிழக்கே எருத்தேன்பதி, வடகரப்பதி பக்கம் போகப்போக நல்ல போர்வெல் இருக்கும் மனைக்கும் லாரித் தண்ணீரை நம்பும் மனைக்கும் விலை ஒன்றாக இருக்காது. போர்வெல்லுக்குக் குழி தோண்டிய செலவைப் போடுவதா, தண்ணீர் இருப்பதால் நிலத்துக்கு ஏறிய விலையைப் போடுவதா என்பதில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம். உங்கள் ஆள் இரண்டையும் போட்டிருக்கிற மாதிரி தெரிகிறது. அது இரட்டைக் கணக்கு. தென்னை மரத்தைத் தனியாக எண்ணுவதும் அப்படித்தான். அப்புறம், பாலக்காட்டுக்கு ஸ்மார்ட் சிட்டி வருவதால் நில விலை ஏறும் என்ற பேச்சு. 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த 12 தொழில் நகரங்களில் பாலக்காடும் ஒன்று என்பது உண்மை. அதனால் உங்கள் 8 சென்ட்டுக்கு இன்றைக்கு எவ்வளவு ஏறியது என்பதற்கு விற்ற ஆதாரம் இருந்தால் காட்டலாம். வரப்போகிறது என்பதற்கு விலை போட முடியாது.

மதிப்பீட்டாளர் யாராக இருக்க வேண்டும்? முன்பு செல்வ வரிச் சட்டத்தின் (வெல்த் டாக்ஸ், வீட்டு வரி இல்லை) 34ஏபி பிரிவில் பதிவு பெற்றவர்கள்தான் இந்த வேலையைச் செய்தார்கள். அந்த வரியே 2016ல் இருந்து இல்லை, ஆனாலும் அந்தப் பதிவை வைத்து பேங்க் வேலை செய்கிறவர்கள் ஏராளம். 2017 விதிகளுக்குப்பின் கம்பெனிச் சட்டத்தின்கீழ் தேர்வெழுதி, ஐபிபிஐ என்ற மத்திய திவால் வாரியத்திடம் பதிவு பெற்ற நிலம் கட்டட மதிப்பீட்டாளர்கள் வந்திருக்கிறார்கள். இரண்டில் எதுவானாலும் சரி. ஆனால் அறிக்கை எதற்காக எழுதப்பட்டது என்பதை முதல் பக்கத்தில் படியுங்கள். பேங்க் கடனுக்கான அறிக்கை, திரும்ப வசூலாகுமா என்ற பயத்தோடு எழுதப்படுவது. அதில் சந்தை மதிப்பு, அதைவிடக் குறைவாக விற்றால் தேறும் மதிப்பு, அவசரத்தில் விற்கும் மதிப்பு என்று மூன்று தொகை இருக்கும், மூன்றாவதை மட்டும் எடுத்துக் காட்டினால் யாரையும் ஏமாற்றலாம். பிள்ளையை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்ப விசாவுக்காக எடுக்கும் அறிக்கை எந்தப்பக்கம் சாயும் என்பதைச் சொல்ல வேண்டாம். விவாகரத்துக்கு இரண்டும் உதவாது. ஒரு வழி உண்டு: உங்கள் கணவர் சமீபத்தில் ஏதாவது கடனுக்கு இதே வீட்டைக் காட்டியிருந்தால், அங்கே என்ன மதிப்பு எழுதிக்கொடுத்தார் என்று கேளுங்கள். ஜீவனாம்ச வழக்கு என்று போனால் 2020ல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னபடி இருவரும் சொத்து, கடன் விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். பேங்குக்கு ஒரு மதிப்பு, பிரமாணத்துக்கு ஒரு மதிப்பு என்றால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். உங்களுக்கும் இதே விதிதான்.

மூன்றாவதாக ஒருவரை வைக்க வேண்டுமா என்றால், ஆமாம், ஆனால் நீங்கள் தனியாக வைக்காதீர்கள். இருவரும் சேர்ந்து ஒருவரை வையுங்கள். மதிப்பீட்டாளருக்குப் பணம் கொடுக்கிறவர் யார் என்பதைவிட, அவர் கையில் நீங்கள் கொடுக்கும் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் தொகையைத் தீர்மானிக்கும். இத்தனை வருடத்தில் நான் உறுதியாக நம்புவது இது ஒன்றைத்தான். இருவரும், அல்லது இரண்டு வக்கீல்களும், கையெழுத்துப் போட்ட ஒரு அரைப்பக்கக் கடிதம். விவாகரத்து உடன்பாட்டுக்காக என்ற நோக்கம். எந்தத் தேதிக்கு மதிப்பு என்பது: நீங்கள் வீட்டைவிட்டு வந்த நாளா, மனுப்போடும் நாளா, அறிக்கை நாளா. சட்டம் இதற்கு ஒரே தேதி என்று அடித்துச் சொல்லவில்லை, ஆகவே நீங்கள்தான் ஒத்துக்கொள்ள வேண்டும். பணம் கைமாறுவது இன்றைக்கு என்பதால் இன்றைய தேதியைத்தான் நான் சொல்வேன். உள்ளே ஆள் இல்லாமல் காலியாகக் கிடைக்கும் வீடு என்ற அடிப்படையில் திறந்த சந்தை மதிப்பு. ரெக்கார்டில் என்ன வகை, விற்ற மனைகளின் விவரம், சதுர அடி விலைக்கு ஆதாரம், மூன்றும் அறிக்கையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை. அளக்கும்போது இருவர் தரப்பிலும் ஆள் இருக்கலாம், இல்லையென்றால் யாருமே வேண்டாம். அறிக்கை ஒரே நாளில் இருவருக்கும். நடுவில் யாரும் அவருக்குத் தனியாகப் போன் பண்ணக் கூடாது. கூலி மொத்தமாக ஒரு தொகை, பாதிப்பாதி. மதிப்பில் இத்தனை சதவீதம் என்று கூலி கேட்கிறவரை விட்டுவிடுங்கள், அந்தக் கூலியே தொகையை மேலே இழுக்கும்.

உங்கள் கணவர் இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால்? பெரியவர்கள், சில சமயம் கோர்ட்டில் சமரசம் பேசும் ஆலோசகர்களும், ஆளுக்குக் கொஞ்சம் இறங்குங்கள், கூட்டிப் பாதியாக்கி 47 லட்சத்துச் சொச்சம் என்று முடித்துக்கொள்ளுங்கள் என்பார்கள். கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் சராசரி போடுவது, அதிகமாகப் பொய் சொன்னவருக்கு அதிகமாகக் கொடுக்கும் முறை. அதற்குப் பதில் ஒரு கேள்வி கேளுங்கள். 38.66 லட்சம்தான் சரியான விலை என்கிறாரே, அந்த விலைக்கு நானே எடுத்துக்கொள்கிறேன், உங்கள் பாதியை நான் தருகிறேன், சம்மதமா? கடன் 11 போக 27.66, அதில் பாதி 13.83 லட்சம். அவர் சம்மதித்தால் அந்த விலையில் அவர் நேர்மையாக இருக்கிறார், நீங்களும் யோசிக்க வேண்டும். சம்மதிக்கவில்லை என்றால் அந்த விலை அவருக்கே நம்பிக்கையில்லாத விலை. உங்களுக்கும் அதே சோதனை உண்டு: 56.26 விலைக்கு நீங்கள் வாங்குவீர்களா? அப்போது நீங்கள் தரவேண்டிய பாதி 22.63. இது வெறும் பேச்சுத் தந்திரம் என்று நினைக்காதீர்கள். பாகவழக்கில் ஒருவர் விற்கச் சொல்லிக் கேட்டால், மற்றவர் மதிப்பீட்டு விலைக்கு அந்தப் பங்கை வாங்கிக்கொள்ள 1893 பாகப்பிரிவினைச் சட்டத்தின் 3வது பிரிவு வழி வைத்திருக்கிறது. ஆனால் பணம் புரட்ட முடியாதவரிடம் இந்தக் கேள்வி பலிக்காது, புரட்ட முடியாது என்று எதிராளிக்குத் தெரிந்திருந்தால் இன்னும் பலிக்காது. கேட்பதற்கு முன்னால் பேங்கில் உங்கள் சம்பளத்துக்கு எவ்வளவு கிடைக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

எல்லாம் முறிந்து வழக்காகிவிட்டால், 1984 குடும்ப நீதிமன்றச் சட்டப்படி கணவன் மனைவிக்கு நடுவிலான சொத்துத் தகராறையும் குடும்ப நீதிமன்றமே விசாரிக்கும். கோர்ட் சார்பில் போய்ப் பார்க்கும் வக்கீலான அட்வகேட் கமிஷனரை அனுப்பி, கூடவே ஒரு நிபுணரை வைத்து மதிப்பிடச் சொல்லும். அவர் வரும்போது கதவைத் திறக்காமல் இருக்க முடியாது. கமிஷனர் அறிக்கைக்கும் ஆட்சேபம் சொல்லலாம். எந்த மதிப்பீட்டு அறிக்கையும் நிபுணரின் கருத்து என்ற அளவில்தான் நிற்கும், எழுதியவர் வந்து விசாரணைக்கு நின்றால்தான் எடை. இதற்கு ஆகும் காலத்தையும் வக்கீல் பீஸையும் அந்த 8.80 லட்ச இடைவெளியோடு வைத்துப் பாருங்கள். உங்கள் பங்கில் வரும் வித்தியாசம் அவ்வளவுதான்.

நகை விஷயம் மதிப்பீட்டாளர் வேலை இல்லை, ஆனால் அதை மதிப்போடு போட்டுக் குழப்பாதீர்கள். திருமணமானதால் மட்டும் சொத்து பாதி என்ற சட்டம் நம் நாட்டில் இல்லை. இருவர் பெயரில் விலைக்கு வாங்கிய சொத்தில், பணம் தனித்தனியாகப் போட்டிருந்தால் போட்ட விகிதத்தில் உரிமை, நிரூபிக்க முடியாவிட்டால் சமபங்கு என்று 1882 சொத்து மாற்றுச் சட்டத்தின் 45வது பிரிவு சொல்கிறது. நகை விற்ற ரசீது, அந்தப் பணம் பேங்க் வழியாக நிலம் விற்றவருக்குப் போனதற்கான தடம் இருந்தால் பாதிக்கு மேலே கேட்க இடமிருக்கிறது. அதேபோல அவரும் மாதத்தவணை முழுக்கத் தன் சம்பளத்தில் போனது என்பார். இரண்டையும் உங்கள் வக்கீல் எடைபோடட்டும். மதிப்பீட்டாளரிடம் நகைக் கதையைச் சொல்லித் தொகையை ஏற்றச் சொல்லாதீர்கள், நல்லவராக இருந்தால் எழுந்து போய்விடுவார்.

கடைசியாகக் கையெழுத்து. உங்கள் பங்கை அவருக்கு எழுதிக்கொடுக்கும் ஒழிமுறி ஆதாரத்துக்குக் குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத்தீர்வையில் சலுகை உண்டு. வெளியாளுக்கு விற்பதென்றால் கேரளத்தில் முத்திரை 8, பதிவு 2, ஆக 10 சதவீதம். தீர்ப்பு வந்தபின் நீங்கள் கணவன் மனைவி இல்லை என்பதால், எழுதுவது எந்தத் தேதியில் என்பதை ஆதாரம் எழுதுகிறவரிடமும் வக்கீலிடமும் முன்பே கேளுங்கள். பணம் வாங்கிப் பங்கை விடுவதால் உங்களுக்கு மூலதன ஆதாய வரி வருமா என்று ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை. சம்மத மனுவில் தீர்ப்புக்கு முன்னால் எவரும் பின்வாங்கலாம் என்பதால், முன்னாடியே ஒழிமுறி எழுதிக்கொடுத்துவிட்டு உட்காராதீர்கள். முதல் மனுவின்போது ஒரு பகுதி, இரண்டாவது மனுவன்று பாக்கிக்கு டிமாண்ட் டிராஃப்ட், அதை ஒட்டியே பதிவு என்று வைப்பது வழக்கம். ஆதாரத்தில் பெயர் போனால் கடனிலிருந்து பெயர் போய்விடாது. நீங்கள் கூட்டுக் கடனாளி என்றால், அவர் தவணை கட்டாத மாதம் பேங்க் வேலந்தாவளத்துக்குத்தான் வரும். உங்களை விடுவித்துவிட்டதாக பேங்க் எழுத்தில் கொடுத்த கடிதம் கைக்கு வந்தபின் பதிவு ஆபீஸுக்குப் போங்கள்.